"முடிவு காண இயலவில்லை" என்று கோப்பை மூடாதீர்கள்

தடய அறிவியல் ஆய்வகங்களின் இயக்குநர்களுக்கு,

வணக்கம். காணாமற்போன என் அண்ணனுக்காக ஆறு ஆண்டுகள் காத்திருந்த எங்களுக்கு, பெயரில்லாத ஓர் எலும்பு அவருடையதா என்று பார்த்த டிஎன்ஏ சோதனைக்குச் சென்ற வாரம் வந்த பதில் ஒரே வரி: "மாதிரி சிதைந்துள்ளதால் முடிவு காண இயலவில்லை."

அம்மா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மறுபடி வாசிக்கச் சொல்லவில்லை. அவருக்கு வயது 78. அந்த எலும்போடு ஒப்பிட மூன்று முறை அவரிடம் ரத்தம் எடுத்தார்கள். மூன்றாம் முறை நரம்பு அகப்படாமல் இரண்டு கைகளிலும் மாறி மாறிக் குத்தினார்கள். "அவன்தானா என்று தெரிந்தால் போதும், எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கையை நீட்டியபடியே இருந்தார். உயிரோடிருப்பவரின் ரத்தத்தில் டிஎன்ஏ எடுப்பது கடினமே இல்லை. சிக்கல் அந்த எலும்பில்தான் என்பது உங்களுக்குத் தெரியும். பிறகு எதற்காக அவரை மூன்று முறை வரவழைத்தீர்கள்?

ஆளுக்கு ஆள் மாறுபடும் டிஎன்ஏ பகுதிகளை ஒப்பிடும் வழக்கமான எஸ்டிஆர் சோதனை, ஏறத்தாழ 100 முதல் 450 கார இணைகள் (டிஎன்ஏ ஏணியின் படிகள்) நீளமுள்ள துண்டுகளைத் தேடுகிறது. வெயிலிலும் ஈரத்திலும் கிடந்த எலும்பில் அவ்வளவு நீளம் மிஞ்சாது. 2001இல் நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தபோதும் இதே சிக்கல்தான். அங்கே குறுந்துண்டுகளை ஆராயும் மினி எஸ்டிஆரைக் கொண்டுவந்தார்கள். 20 ஆண்டுகள் கழித்து, 2021இல்கூட, டிஎன்ஏவை எழுத்தெழுத்தாகப் படிக்கும் புதிய வரிசையாக்க முறையால் மேலும் இருவரை அடையாளம் கண்டார்கள். எலும்புத் தூளின் சுண்ணாம்புச் சத்தை முழுவதும் கரைத்து எடுத்தால் கூடுதல் டிஎன்ஏ கிடைக்கும். தாய்வழியே வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ ஒரு செல்லில் நூற்றுக்கணக்கான நகல்களாக இருப்பதால் சிதைந்த எலும்பிலும் மிஞ்ச வாய்ப்பு அதிகம். அது மட்டுமே ஒருவரை உறுதிசெய்யாதுதான், ஆனால் அவரில்லை என்றாவது சொல்லிவிடும். எங்களுக்கு அதுவும் ஒரு பதில்.

இவற்றில் எதை முயன்றீர்கள்? கடிதத்தில் ஒரு சொல் இல்லை. வழக்குள்ள மாதிரிக்காக நீதிமன்றம் கேள்வி கேட்கும். பெயரில்லாத எலும்புக்காகக் கேட்க யார் இருக்கிறார்கள்? ஒருமுறை தோற்ற சோதனையையே கடைசிச் சொல்லாக்கிப் பெட்டியை அலமாரியில் ஏற்றிவிடுவது ஆய்வாகாது.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்தருள வேண்டும். கேட்பது இதுதான்: சிதைந்த மாதிரிகளைப் புதிய முறைகளில் மறுபரிசோதனை செய்யுங்கள். எந்த எலும்பில், எந்த முறையில் பார்த்தீர்கள், எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று குடும்பத்தாருக்கு எழுதித் தாருங்கள். மறுபரிசோதனை முடியும்வரை அந்த மிச்சத்தைத் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள்.

ரத்தம் மறுபடியும் வேண்டுமென்றால் அம்மா நான்காம் முறையும் வருவார்.

இப்படிக்கு,
காத்திருக்கும் ஒரு தம்பி