பணிப்பாளர் சபைக்கு ஒரு திறந்த மடல்: நிரல் எழுதுபவரையும் சேர்வர் பார்ப்பவரையும் ஒரே மேசையில் இருத்துங்கள்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் பணிப்பாளர் சபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். கடந்த மாதம் எங்கள் கிளைகளில் அடகுப் பிரிவு மூன்று நாட்கள் நின்றுபோனது பற்றிய அறிக்கை உங்களிடம் வந்திருக்கும். அதில் காரணம் "தொழில்நுட்பக் கோளாறு" என்று இருக்கிறது. அந்த மூன்று நாளும் சேர்வர் அறையில் இருந்தவன் நான். நடந்தது அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்காது.

திங்கட்கிழமை காலை மண்டூர்த் துறையில் பாதை (ஆட்களை ஏற்றும் மிதவை) ஏறி, வாவியைக் கடந்து, பிறகு பஸ் பிடித்து ஒரு அம்மா வந்தார். உரம் வாங்குவதற்காக ஐப்பசியில் வைத்த காப்பை, மாரி வெள்ளாமை வெட்டி நெல் விற்ற காசோடு மீட்க வந்திருந்தார். மகனுக்குக் கல்யாணம். புதன்கிழமை காலை பொன்னுருக்கு, தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கு. வட்டிக் கணக்கைக் கணினி காட்டவில்லை, அதனால் நகையைக் கொடுக்க முடியாது என்று சொல்லி அனுப்பினோம். செவ்வாய்க்கிழமையும் வந்தார். அன்று என் அறை வாசலில் நின்று கேட்டார்: "மனே, காசு என்ட கையில இருக்கு. நகை உங்கட பெட்டிக்குள்ள இருக்கு. நடுவில என்ன மனே தடுக்குது?"

எனக்குப் பதில் தெரியும், ஆனால் சொல்ல வாய் வரவில்லை. புதன் மதியம் சிஸ்டம் எழும்பியபோது பொன்னுருக்கு நேரம் கடந்துவிட்டது. அயல் வீட்டில் ஒரு பவுண் காசு கைமாற்றாக வாங்கித்தான் உருக்கினார்களாம். கையில் காசு இருந்தும் அவரைக் கடன்பட வைத்தது நாங்கள்தான்.

நடுவில் தடுத்தது இதுதான். வெள்ளிக்கிழமை மாலை, மென்பொருள் எழுதும் குழு கொழும்பிலிருந்து புதிய கோப்புகளை நேரே சேர்வரில் ஏற்றியது. அவர்களுடைய கணினியில் பி.எச்.பி என்ற நிரல் மொழியின் 8-ஆம் பதிப்பு இருந்தது, எங்கள் சேர்வரில் 7.4. எட்டாம் பதிப்பில்தான் புதிதாக வந்த ஒரு செயற்கூறை அவர்கள் பயன்படுத்தியிருந்தார்கள். எங்கள் சேர்வருக்கு அது என்னவென்றே தெரியாது. 7.4-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன, நான் அதை மாற்றியிருக்க வேண்டும். மாற்றினால் அடகு மென்பொருள் ஓடுமா என்று மூன்று தடவை மின்னஞ்சலில் கேட்டேன். பதில் வராததால் பயந்து கை வைக்கவில்லை. பிறகு இரண்டு நாள் அவர்கள் "சேர்வரில் பிழை" என்றார்கள், நான் "நிரலில் பிழை" என்றேன். பழைய கோப்புகள் மேலெழுதப்பட்டுவிட்டதால் பின்னுக்குப் போகவும் வழியில்லை.

என் வேண்டுகோள் ஒன்றுதான். நிரல் எழுதுபவரும் சேர்வர் பார்ப்பவரும் ஒரே களஞ்சியத்தில் (நிரலையும் சேர்வர் அமைப்பையும் சேமித்து வைக்கும் பொது இடம்), ஒரே ஒழுங்கில் வேலை செய்ய வேண்டும் என்று சபை தீர்மானம் எடுக்க வேண்டும். இது நான் கண்டுபிடித்த ஒன்றல்ல. 2009-இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் நடந்த கூட்டத்தோடு இதற்கு டெவ்ஒப்ஸ் என்ற பெயரே நிலைத்துவிட்டது. அதே ஆண்டு ஃப்ளிக்கர் என்ற புகைப்பட இணையதளத்தின் பொறியாளர்கள் இருவர், தாங்கள் ஒரு நாளில் பத்துத் தடவைக்கு மேல் புதுப்பிப்பதாக மேடையில் விளக்கினார்கள். நாங்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்துவிட்டு மூன்று நாள் படுத்துக் கிடக்கிறோம்.

கருவிகளுக்கு உரிமக் கட்டணம் கிடையாது. எல்லா மாற்றமும் கிட் என்ற, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியில் இருந்தால் யார், எப்போது, எதை மாற்றினார் என்று தெரியும், பழைய நிரலுக்குச் சில நிமிடத்தில் திரும்பலாம். தரவுத்தள மாற்றத்துக்குத் தனியாகத் திரும்பும் வழி எழுத வேண்டும், அதையும் சேர்த்தே கேட்கிறேன். சேர்வரில் எந்தப் பதிப்பு இருக்க வேண்டும் என்பதை அன்சிபிள் என்ற, எழுதி வைத்தபடி சேர்வரை அமைக்கும் கருவியில் எழுதி வைத்தால், சோதனைக் கணினியும் உண்மையான சேர்வரும் ஒரே மாதிரி இருக்கும். அதற்கு எஸ்.எஸ்.எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பும் பைதன் என்ற நிரல் மொழியும் இருந்தால் போதும். ஜென்கின்ஸ் என்ற தானியங்கிக் கருவி ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் அந்தச் சோதனைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும். வெள்ளி மாலையே பிழை அங்கே விழுந்திருக்கும், அந்த அம்மாவின் தலையில் விழுந்திருக்காது. பல சேர்வர்களை ஒன்றாக இயக்கும் குபர்நெட்டீஸ் போன்ற பெரிய கருவிகள் எங்கள் அளவுக்குத் தேவையில்லை. யாராவது விலை கூறினால் வாங்க வேண்டாம்.

"சும்மா கிடைப்பதை எப்படி நம்புவது?" என்று போன வருடக் கூட்டத்தில் கேட்கப்பட்டது. 2004 டிசம்பர் 26-இல் கடல் எங்கள் கரையை அள்ளிக்கொண்டு போனபோது, காணாமல் போனவர்களைத் தேடவும் முகாம்களைப் பதியவும் இலங்கைத் தொண்டர்கள் எழுதிய மென்பொருள் சஹானா. அதுவும் இந்தக் கருவிகளைப் போலத் திறந்த மூலம்தான், யாரும் நிரலைப் பார்த்து இலவசமாகப் பயன்படுத்தலாம். 2005-இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் 2010-இல் ஹெய்ட்டிக்கும் அது போனது. கல்லடியிலும் கல்முனையிலும் உறவுகளைப் பறிகொடுத்த நாங்கள் அந்தக் கேள்வியைக் கேட்கலாமா?

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் கணினி படித்து வெளியே வரும் பிள்ளைகள் இந்த வேலையைக் கற்றுக்கொள்ளக் கொழும்புக்குப் போக வேண்டியிருக்கிறது. நாங்கள் அவர்களை எடுத்தால் பிரிண்டருக்கு மை மாற்றத்தான் விடுகிறோம். ஒழுங்கான களஞ்சியமும் சோதனைச் சேர்வரும் இருந்தால் இரண்டு பேரையாவது இங்கேயே பழக்கலாம். சரி, அது பிறகு பேச வேண்டியது.

இப்போதைக்குப் பணிவாகக் கேட்பது இதுதான். அடுத்த புதுப்பிப்பு சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரம் என்று சொல்லியிருக்கிறார்கள். நகை மீட்க அதிகம் பேர் வரும் வாரம் அது. நிரலும் சேர்வரும் ஒரே களஞ்சியத்துக்கு வரும்வரை தயவுசெய்து அதைத் தள்ளிப் போடுங்கள். அடுத்த கூட்டத்தில் எனக்கு ஒரு மணி நேரம் தாருங்கள், கொழும்புக் குழுவில் ஒருவரையும் கூப்பிடுங்கள். சாமான் அறையில் கிடக்கும் எட்டு ஜி.பி ராம் கணினியை எடுத்து வந்து, அதே புதுப்பிப்பை உங்கள் முன்னாலேயே ஏற்றி, விழவிட்டு, திரும்ப எழுப்பிக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சேர்வர் அறையில் வேலை செய்பவன்,
மட்டக்களப்பு