பந்துவீச்சாளருக்குக் காசு இருக்கிறது, காப்பாளருக்குக் கையுறைகூட இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் பேஸ்போல் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. முச்சக்கரவண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இருக்கை உறை தைப்பவனுக்கு அமெரிக்க விளையாட்டில் என்ன வேலை என்று கேட்பவர்கள், பரந்தன் சந்திக்கு அருகிலுள்ள என் கடை வாங்கில் ஒரு மாலைப் பொழுது வந்து இருந்து பார்க்கட்டும். சென்ற ஆண்டு தொடங்கிய சண்டை அங்கே இன்னும் ஓயவில்லை.

மூட்டிவிட்டவன் என் அக்காவின் மகன். நியூ ஜேர்சியில் இருக்கிறான். பிலடெல்பியா பிலிஸ் அணி என்றால் அவனுக்கு உயிர். 2025 ஜூலை 30 அன்று அந்த அணி மினசோட்டா ட்வின்ஸிடமிருந்து ஜோவான் டுரானை வாங்கியது. டுரான் ஒரு ரிலீவர். ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் மட்டும் வந்து, சில பந்துகளை எறிந்து, முன்னிலையைக் காத்துக் கொடுத்துவிட்டுப் போகிறவர். மணிக்கு 160 கிலோமீற்றருக்கு மேல் எறிவார். அவருக்கு விலையாக மிக் ஏபல் என்ற இளம் பந்தெறிபவரும், எடுவார்டோ டைட் என்ற பனாமாப் பையனும் மினசோட்டாவுக்குப் போனார்கள். டைட் ஒரு கேச்சர், நம்முடைய விக்கெட் காப்பாளர் மாதிரி. அப்போது அவனுக்கு வயது 18. பிலடெல்பியாவின் முதன்மைக் கேச்சர் ரியல்மியூட்டோவுக்கோ 34.

மருமகன் தொலைபேசியில் துள்ளினான். "மாமா, இந்த முறை கிண்ணம் எங்களுக்குத்தான்." வாங்கில் இருந்த இளைஞர்களில் பாதிப்பேர் அவன் பக்கம் சாய்ந்தார்கள். பெறுமதி தெரிந்த கை கிடைக்கும்போது, மேல்மட்டத்தில் ஒரு ஆட்டமும் ஆடாத பையனைக் கொடுத்தால் என்ன என்பது அவர்கள் கட்சி. இளம் கேச்சரைக் கொடுத்திருக்கக் கூடாது என்று நான் அன்று முதல் மறு கட்சி.

ரிலீவர் ஒருவர் ஒரு பருவத்தில் எறிவது 60, 70 இன்னிங்ஸ் (பேஸ்போலில் ஒரு ஆட்டத்துக்கே வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸ்). கேச்சரோ தான் ஆடும் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஏறக்குறைய 150 பந்துகளுக்குக் குந்தியிருந்து எழும்புகிறார். எந்தப் பந்தை எறிவது என்று சைகை கொடுப்பதும் பெரும்பாலும் அவர்தான். அந்த உழைப்பின் அடையாளத்தை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். மருமகன் ஊருக்கு வந்தபோது தன் பழைய கேச்சர் கையுறையைக் கொண்டுவந்து, வார் அறுந்துவிட்டது, தைத்துத் தாருங்கள் என்றான். விரல் பிரிவே இல்லாமல், கவிழ்த்துவைத்த சட்டிபோல் உருண்டு தடித்த தோல். ஒரு கைக்கு மட்டும்தான். மற்றக் கை எறிவதற்கு வெறுங்கையாக இருக்க வேண்டும். சுட்டுவிரலின் அடிப்பகுதி வருமிடத்தில் தோல் கறுத்து, மினுங்கி, கடதாசிபோல் மெலிந்திருந்தது. மற்ற இடங்களில் தடித்த ஊசியைத் தட்டித்தான் இறக்க வேண்டியிருந்தது. அங்கே தொட்டதும் இறங்கியது. அவன் வார இறுதியில் நண்பர்களோடு விளையாடுகிறவன், அவ்வளவுதான்.

சரித்திரத்தையும் வாங்கில் இழுத்தோம். 1997 ஜூலை 31 அன்று சியாட்டில் அணி ஹீத்கிளிஃப் ஸ்லோகம் என்ற ரிலீவருக்காக டெரெக் லோ, ஜேசன் வரிட்டெக் ஆகிய இரண்டு இளைஞர்களை பொஸ்டனுக்குக் கொடுத்தது. வரிட்டெக் கேச்சர். அந்த ஆண்டு சியாட்டில் முதல் சுற்றிலேயே வெளியேறியது. பொஸ்டன் 2004இல், 86 ஆண்டுகளுக்குப் பிறகு, உலகத் தொடர் எனும் இறுதித் தொடரை வென்றபோது வரிட்டெக் கேச்சராக நின்றார். இறுதி ஆட்டத்தின் வெற்றி லோவின் கணக்கில் எழுதப்பட்டது. இதைச் சொன்னதும் மருமகன் 2018ஐ எடுத்துவிட்டான். கிளீவ்லாண்ட் அணி பிராட் ஹேண்ட் உள்ளிட்ட இரண்டு ரிலீவர்களுக்காக பிரான்சிஸ்கோ மெஹியா என்ற இளம் கேச்சரைக் கொடுத்தது. ஹேண்ட் நன்றாக எறிந்தார். மெஹியா சான் டியாகோவில் நிலைக்காமல் 2020இல் வேறு அணிக்கு மாறினார். உண்மைதான், மறுக்கவில்லை. கேச்சர் மெதுவாகத்தான் முற்றுவார், சிலர் முற்றாமலே போவார்கள். ஆனால் மருமகன் கொண்டாடும் அதே பிலடெல்பியாவில், அதே பனாமாவிலிருந்து வந்த கார்லோஸ் ரூயிஸ் 27 வயதில்தானே முதல்முறை மேல்மட்டத்தில் ஆடினார்? 2008இல் அந்த அணி கிண்ணம் வென்ற கடைசிப் பந்தின் காணொளியைப் பாருங்கள். ரிலீவர் பிராட் லிட்ஜ் முழங்காலில் விழுந்து கைகளை உயர்த்துவதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்கு முந்திய கணத்தை நிறுத்திப் பாருங்கள். கீழே சரிந்து விழும் பந்து அது. பின்னால் இருப்பவர் தவறவிடமாட்டார் என்ற நம்பிக்கை இல்லாதவர் அந்த இடத்தில் அந்தப் பந்தை எறியவே மாட்டார். பிடித்தவர் ரூயிஸ்.

இந்த ஆண்டு முதல், எறிந்த பந்து சரியா தவறா என்ற நடுவரின் தீர்ப்பை ஆட்சேபித்துக் கருவியிடம் கேட்கலாமாம், ஆகவே பந்தை லாவகமாக வாங்கி நடுவரை நம்பவைக்கும் கேச்சரின் வித்தைக்கு இனி மதிப்பில்லை என்கிறான் மருமகன். ஆட்சேபிக்கக்கூடியவர்கள் மூன்று பேர்: அடிப்பவர், எறிபவர், கேச்சர். இவர்களில் பந்து வந்த கோட்டை நேராகப் பார்த்தவர் யார் என்று கேட்டேன். வேறு கதைக்கு மாறிவிட்டான்.

டுரான் வந்து என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒக்டோபர் 10, வெள்ளிக்கிழமை அதிகாலை, எங்கள் நேரப்படி, கிண்ணத்துக்கான சுற்றில் லொஸ் ஏஞ்சலிஸ் டொஜர்ஸுடனான தொடரின் நான்காவது ஆட்டம். ஏழாவது இன்னிங்ஸில் மூன்று தளங்களிலும் எதிரணியினர் நிற்க, டுரான் அடிப்பவருக்கு நான்கு தவறான பந்துகளை எறிந்தார். அதனால் எதிரணிக்கு ஒரு ஓட்டம் இலவசமாகக் கிடைக்க, முன்னிலை போனது. பதினொன்றாவதில் இன்னொரு ரிலீவர் கையில் பட்டு விழுந்த பந்தைப் பதற்றத்தில் கேச்சர் நிற்கும் வீட்டுத்தளத்துக்கு எறிந்து அகலவிட்டார். ஆட்டமும் தொடரும் போயின. ரியல்மியூட்டோ முதலாம் தளத்துக்கு எறியும்படி கை காட்டிக்கொண்டு நின்றார். ஒரு ஆட்டத்தை வைத்து டுரானை எடைபோடக் கூடாது என்று மருமகன் சொல்வது சரி. ஆனால் அந்த ஒரு ஆட்டத்துக்காகத்தான் அவரை வாங்கினார்கள் என்று ஜூலையில் குதித்தவனும் அவன்தானே?

இதையெல்லாம் உங்களுக்கு எழுதக் காரணம் பிலடெல்பியா இல்லை. பெரும்போக அறுவடை முடிந்ததும் எங்கள் பகுதியில் துடுப்பாட்டச் சுற்றுப்போட்டிகள் களைகட்டும். வெளிநாட்டுக் காசு வரும். அதில் முதற்செலவு, வெளிமாவட்டத்திலிருந்து ஒரு வேகப்பந்துவீச்சாளர். சாப்பாடு, தங்குமிடம், பஸ் காசு, கைக்காசு. அண்மையில் ஒரு கடினபந்து இறுதியாட்டம் பார்த்தேன். கழகத்தின் பெயர் வேண்டாம். அப்படி வந்த பையன் அருமையான பந்துவீச்சாளர். முதல் ஓவரிலேயே காலடிப் பக்கம் வளைந்துபோன பந்து காப்பாளரைத் தாண்டி நான்கு உதிரி ஓட்டங்களாகப் போனது. அடுத்த ஓவரிலும் அதே கதை. காப்பாளர் என்று நின்றவர் அன்று காலையில் பிடித்து நிறுத்தப்பட்ட பாடசாலைப் பையன். அளவில் பெரிய கையுறை மணிக்கட்டில் கழன்று கழன்று ஆடியது. தலைவர் அவனுக்குப் பின்னால் எல்லைக்கோட்டில் இன்னொருவரைக் கொண்டுபோய் நிறுத்தினார். முன்னால் ஓரிடம் வெறுமையானது. எதிரணி அங்கே தட்டித் தட்டி ஓடியது. கடைசியில் தலைவர் பந்துவீச்சாளரிடம் போய், கொஞ்சம் மெதுவாகப் போடு என்று சொன்னார். வேகத்துக்காகக் காசு கொடுத்துக் கூட்டிவந்தவரிடம்! தோல்விக்குப் பழி அந்தப் பையன்மீது விழுந்தது. அவன் பிறகு மைதானப் பக்கம் வந்ததாகத் தெரியவில்லை.

ஆகவே சுற்றுப்போட்டி நடத்தும் நிர்வாகங்களுக்கு என் வேண்டுகோள் இது. வெளியாளைத் தடுக்கச் சொல்லவில்லை. நல்ல பந்துவீச்சைப் பார்க்க எனக்கும் ஆசைதான். வெளியாள் ஒருவரைப் பதியும் கழகம், 19 வயதுக்குட்பட்ட உள்ளூர்க் காப்பாளர் ஒருவரையும் பதியட்டும், அவருக்கு அளவான கையுறையும் வாங்கிக் கொடுக்கட்டும். பரிசு மேசையில் சிறந்த பந்துவீச்சாளர், சிறந்த துடுப்பாட்ட வீரர் கிண்ணங்களுக்குப் பக்கத்தில் காப்பாளருக்கும் ஒன்று இருக்கட்டும்.

பாடசாலைப் பிள்ளைகளின் காப்பாளர் கையுறை கிழிந்தால் என் கடைக்குக் கொண்டுவரலாம். தைகூலி வேண்டாம். தோலை மட்டும் அவர்களே கொண்டுவர வேண்டும். என்னிடம் இருப்பது ரெக்சின், அது ஒரு பருவமும் தாங்காது.

இங்ஙனம்,
இருக்கை உறை தைப்பவர்,
பரந்தன்.