நமது விசைப்படகுக் கழகம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமாக ஆண்டறிக்கை கடந்த பன்னிரண்டு மாத நடவடிக்கைகளோடு நின்றுவிடும். இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர்கள் பலர், கழகம் எப்படித் தொடங்கியது, இத்தனை விதிகள் எதற்கு என்று கேட்டார்கள். அவர்களுக்கும் பதிலாக இருக்கட்டும் என்று ஆரம்பத்திலிருந்தே எழுதியிருக்கிறேன்.

கழகம் உருவாகும் முன் நாம் எல்லோரும் தனித்தனிப் படகுக்காரர்கள். படகு இறக்கும் சாய்தளம் ஒன்றுதான். யார் முதலில் ட்ரெய்லரைப் பின்னால் எடுத்துத் தண்ணீருக்குள் விடுவது என்பதில் அடிக்கடி சச்சரவு. அப்படியிருந்த காலத்தில் ஒரு மாலை, நம்மில் ஒருவருடைய படகின் பின்பலகையில் மாட்டியிருந்த அவுட்போர்டு எஞ்சின் சூடேறி நடுநீரில் நின்றுவிட்டது. எஞ்சினுக்குக் குளிர்நீர் ஏற்றும் இம்பெல்லரின் ரப்பர் இதழ்கள் காய்ந்து முறிந்திருந்தன. படகில் நங்கூரமும் இல்லை, துடுப்பும் இல்லை. காற்று தள்ளிய பக்கமெல்லாம் படகு போனது. அவர் வெளியே போயிருப்பதே கரையில் யாருக்கும் தெரியாது. தற்செயலாக அந்த வழியே வந்த இன்னொரு படகுக்காரர் கயிறு கட்டி இழுத்து வந்தார். இருட்டில் அந்தப் படகைக் கரையேற்றிவிட்டு, விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் அங்கேயே நின்று பேசினோம். கழகம் என்ற முடிவு அன்றுதான் எடுக்கப்பட்டது.

அதனால்தான் நமது விதிமுறைகளில் முதல் விதி சந்தாவையோ பந்தயத்தையோ பற்றியது அல்ல. யார், எந்தப் படகில், எத்தனை பேரோடு, எந்தப் பக்கம் போகிறார், எப்போது திரும்புவார் என்று பதிவேட்டில் எழுதாமல் எந்தப் படகும் புறப்படக் கூடாது. திரும்பியதும் கையெழுத்திட வேண்டும். கழகத்துக்கு அறையோ கூரையோ வருவதற்கு முன்பே இந்தப் பதிவேடு வந்துவிட்டது. ஒரு தகரப் பெட்டிக்குள் சாய்தளத்தின் ஓரம் கிடந்தது. இன்றைக்கும் கழகத்தின் முதல் சொத்து எது என்று கேட்டால் அந்தப் பதிவேட்டைத்தான் சொல்வேன்.

விசைப்படகு விளையாட்டுக்கே வயது அதிகம் இல்லை. முதல் சர்வதேசப் பந்தயமான ஹார்ம்ஸ்வொர்த் கோப்பை அயர்லாந்தில் 1903-ல் நடந்தது. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் மோட்டார் படகுப் போட்டி இடம்பெற்றது. வானிலை மோசமாகி, மூன்று பந்தயங்களிலும் தலா ஒரே ஒரு படகுதான் முடிவுக்கோட்டைத் தொட்டது. அதன்பிறகு ஒலிம்பிக்கில் அந்தப் போட்டி நடக்கவே இல்லை. 1909-ல் அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் என்பவரின் அவுட்போர்டு எஞ்சின் விற்பனைக்கு வந்த பிறகுதான், சாதாரணப் படகின் பின்பலகையில் எஞ்சினை மாட்டி ஓட்டுவது பரவலானது. நாம் இன்று ஓட்டுவதெல்லாம் அந்த வழியில் வந்தவையே. விளையாட்டின் சர்வதேச சம்மேளனம் தொடங்கியது 1922-ல். எஞ்சின் முந்திக்கொண்டது, விதிகள் அதன் பின்னால் ஓடி வந்தன. நமது கழகத்தில் அது தலைகீழாக இருக்க வேண்டும் என்று தொடங்கியவர்கள் விரும்பினார்கள். நானும் அதையே விரும்புகிறேன்.

வளர்ச்சிக்கு வருகிறேன். கழகத்துக்கென்று சொந்தமாக மீட்புப் படகு வாங்கும்போது பொதுக்குழுவில் நடந்த விவாதம் பழைய உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். தட்டையான அடிப்பாகம் கொண்ட படகு போதும், குறைந்த குதிரைத்திறனிலேயே நீர்மேல் எழும்பி ஓடும், எரிபொருளும் மிச்சம் என்றது ஒரு தரப்பு. ஆழமான V வடிவ அடிப்பாகம்தான் வேண்டும் என்றது மறு தரப்பு. அலை கிளம்பிய நேரத்தில் தட்டைப் படகு ஒவ்வொரு அலையிலும் விழுந்து அடிக்கும். ஓட்டுபவரின் முதுகெலும்புதான் அதைத் தாங்க வேண்டும். V வடிவம் அலையைக் கீறிக்கொண்டு இறங்கும். அமெரிக்கரான ரே ஹன்ட் வடிவமைத்த ஆழ்V படகு 1960-ல் கரடுமுரடான கடலில், மயாமியிலிருந்து பஹாமாஸின் நசாவு வரையிலான பந்தயத்தை வென்ற பிறகு உலகம் முழுவதும் இந்த வடிவம் பரவியது. மீட்புப் படகு என்பது மற்றவர்கள் கரைக்கு ஓடிவரும் வேளையில் வெளியே போக வேண்டிய படகு. ஆகவே V வடிவமே வென்றது. எரிபொருள் செலவு கூடித்தான் போனது; ஆனாலும் அந்த முடிவு சரியானது என்பதே என் கருத்து.

மீட்புப் படகு வந்தபின் பயிற்சி வந்தது, பயிற்சி வந்தபின் உறுப்பினர்கள் வந்தார்கள். படகு சொந்தமாக இல்லாதவர்களும் இன்று நம்மிடம் ஓட்டக் கற்கிறார்கள். பெண் உறுப்பினர்களில் மூவர் இந்த ஆண்டு பயிற்றுநர் நிலைக்கு உயர்ந்திருப்பதைத் தனியாகச் சொல்லி மகிழ்கிறேன்.

இந்த ஆண்டின் முக்கிய நடவடிக்கை கில் கார்டு பற்றியது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் அருகிலுள்ள ஸ்விட்சில் ஒரு முனையும், ஓட்டுபவரின் தொடையைச் சுற்றி மறுமுனையுமாக இருக்கும் சிவப்புச் சுருள் கயிறு அது. ஓட்டுபவர் தூக்கியெறியப்பட்டால் கயிறு ஸ்விட்சை இழுத்து எஞ்சினை அணைத்துவிடும். அதை மாட்டாவிட்டால், ஆளில்லாத படகின் ஸ்டியரிங்கை ப்ரொப்பல்லரின் முறுக்குவிசையே ஒரு பக்கமாகத் திருப்பிவிடும். படகு வட்டமடித்து, விழுந்தவர்கள் இருக்கும் இடத்துக்கே திரும்பத் திரும்ப வரும். 2013-ல் இங்கிலாந்தின் பாட்ஸ்டோ அருகே ஒரு குடும்பத்தில் ஆறு பேரும் இப்படித் தண்ணீரில் வீசப்பட்டார்கள். இருவர் இறந்தார்கள். கில் கார்டு மாட்டப்படவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைவான படகுகளில் இதைப் பயன்படுத்துவது 2021 ஏப்ரல் 1 முதல் சட்டப்படி கட்டாயம்.

நமது கழகத்திலும் இந்த ஆண்டு கட்டாயமாக்கினோம். மாட்டினால் மட்டும் போதாது. புறப்படும் முன் ஒருமுறை இழுத்து, எஞ்சின் அணைகிறதா என்று பார்க்க வேண்டும். படகில் இரண்டாவது கயிறு ஒன்றும் இருக்க வேண்டும். ஓட்டுபவர் கயிற்றோடு தண்ணீரில் விழுந்துவிட்டால், மீதமிருப்பவர் எஞ்சினை இயக்கி அவரை எடுக்க வருவதற்கு அதுதான் வழி. ஆரம்பத்தில் முணுமுணுப்பு இருந்தது. மூத்த உறுப்பினர்கள் முதலில் மாட்டிக் காட்டியதும் அடங்கியது. அவர்களுக்கு என் நன்றி.

துடுப்புப் படகோட்டிகளிடமிருந்து இந்த ஆண்டு ஒரு புகார் வந்தது. நம் படகுகள் கிளப்பும் அலையில் அவர்களுடைய மெல்லிய படகுகள் நிரம்பிவிடுகின்றன என்றார்கள். நம்மவர்கள் வேகத்தைப் பாதியாகக் குறைத்துத்தான் கடந்து போகிறார்கள் என்று பதில் எழுதத் தயாரானோம். பயிற்சிப் பொறுப்பாளர் தடுத்தார். அவர் சொன்னது: பாதி வேகத்தில்தான் அலை மிகப் பெரியது. முழு வேகத்தில் படகு நீர்மேல் எழுந்து ஓடுகிறது. மிக மெதுவாகப் போனால் நீரை அமைதியாக விலக்குகிறது. இரண்டுக்கும் நடுவே முன்பக்கம் தூக்கி, பின்பக்கம் அமிழ்ந்து, நீரை உழுதுகொண்டு போகிறது. கரையில் நின்று அவர் ஒரு படகை மூன்று வேகத்திலும் ஓட்டச் செய்து காட்டியபோது எல்லோருக்கும் விளங்கியது. இப்போது துடுப்புப் படகு தெரிந்த உடனேயே, தூரத்திலேயே, முன்பக்கம் முழுதாக இறங்கும்வரை வேகத்தைக் குறைக்கிறோம். அவர்களுடைய செயலாளர் நேரில் வந்து நன்றி சொன்னார்.

பராமரிப்பு நாள் வழக்கம்போல் நடந்தது. இம்பெல்லர் மாற்றுதல், கியர் ஆயிலில் தண்ணீர் புகுந்து வெளுத்திருக்கிறதா என்று பார்த்தல், எஞ்சினின் உலோகம் அரிக்காமல் இருக்கத் தாங்கள் கரைந்துபோகும் துத்தநாகக் கட்டிகளில் தேய்ந்தவற்றை மாற்றுதல் ஆகியவை முடிந்தன. எஞ்சின் ஓடும்போது பின்னால் பீய்ச்சும் குளிர்நீர்த் தாரை மெலிந்தால் உடனே அணைத்துவிடுங்கள். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு என்ற கணக்கையும் மறக்க வேண்டாம். மீட்புப் படகு இந்த ஆண்டு வெளியே போனதில் பெரும்பாலும் எரிபொருள் தீர்ந்த படகுகளைத்தான் இழுத்து வந்தது. இது எனக்கு வருத்தம் தருகிறது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

பொதுக்குழுவின் முடிவுக்கு இரண்டு தீர்மானங்கள் வைக்கிறேன். ஒன்று, மீட்புப் படகுக்கு புதிய எஞ்சின். இருப்பது நம்பத்தக்க நிலையில் இல்லை. அடுத்த பருவம் தொடங்கும் முன் மாற்றியாக வேண்டும். இரண்டாவது சிலருக்குக் கசக்கலாம். சேர விரும்பிக் காத்திருப்போர் பட்டியல் நீண்டிருக்கிறது; பயிற்றுநர்களோ போதவில்லை. இருப்பவர்கள் எல்லோரும் பயிற்சி முடிக்கும்வரை புதிய சேர்க்கையை நிறுத்திவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சந்தா வருமானம் குறையும் என்பது தெரிந்தே கேட்கிறேன்.

அதிகாலையிலேயே வந்து சாய்தளத்தின் பாசியைத் தேய்த்துக் கழுவும் தன்னார்வலர்களுக்கும், பதிவேட்டில் கையெழுத்து விடுபட்டால் வீடுவரை தொலைபேசியில் அழைத்து விசாரிக்கும் கரைப் பொறுப்பாளருக்கும் கழகத்தின் சார்பில் நன்றி. இவ்வறிக்கையையும் தீர்மானங்களையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்