குழாய் போன மக்காச்சோளக் காடு

லங்காஸ்டர், பென்சில்வேனியா
செப்டம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் நலம். போன ஞாயிறு நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அம்மா போனை வாங்கி "சாப்பிட்டியா, குளிர் வந்துருச்சா" என்று ஆரம்பித்துவிட்டார். சாவகாசமாகச் சொல்லவேண்டிய விஷயம், அதனால் எழுதுகிறேன். தம்பிக்கு அனுப்புகிறேன், பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

"புள்ளையா குட்டியா, கன்னியாஸ்திரிங்க எதுக்கு ஒரு காட்டுக்காகக் கோர்ட்டு வரைக்கும் போகணும்?" என்றுதானே கேட்டீர்கள்? முதலில் அந்தக் காட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

இந்த லங்காஸ்டர் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) வாய்க்கால் கிடையாது, காட்டுக்குக் காடு போர்வெல் கிடையாது. பெரும்பாலும் வானம் பார்த்த விவசாயம்தான். ஆனால் மானாவாரி விளைச்சலில் அமெரிக்காவிலேயே முன்வரிசையில் நிற்கிற மண் இது. சுண்ணாம்புக்கல் மேல் படிந்த மண் என்கிறார்கள். இப்போது மக்காச்சோளம் ஆளை மறைத்து நிற்கிறது, சில காடுகளில் மாட்டுத்தீவனத்துக்கு வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஆமிஷ்காரர்கள் என்று பழைய முறையிலேயே வாழும் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர் இங்கே நிறைய, அவர்கள் டிராக்டர் ஓட்டி உழுவதில்லை. நாலு, ஆறு கோவேறு கழுதைகளை ஒரே வரிசையில் பூட்டி ஓட்டுகிறார்கள். நீங்கள் பார்த்தால் காரை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுவீர்கள்.

இங்கிருந்து சஸ்குவெஹானா ஆற்றுப் பக்கம் போனால் கொலம்பியா என்று ஒரு சின்ன ஊர். அதை ஒட்டித்தான் அந்தக் கன்னியாஸ்திரிகளின் நிலம். சபையின் பெயர் அடோரர்ஸ் ஆஃப் தி பிளட் ஆஃப் கிரைஸ்ட், 1834இல் இத்தாலியில் மரியா தெ மத்தியாஸ் என்ற பெண் தொடங்கியது. நிலத்தை உள்ளூர் விவசாயிக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். அவர் மக்காச்சோளம் போடுவார். 2005இல் இந்தச் சபைக்காரர்கள் கூடி, நிலத்தை எப்படி நடத்துவது என்று தங்களுக்குள் ஒரு நெறியை எழுதி வைத்துக்கொண்டார்கள். படைப்பெல்லாம் புனிதம், மண் விற்று வாங்கும் சரக்கு மட்டுமல்ல என்பது அதன் சாரம். அதை வெறும் ஜெபப் புத்தக வரியாக வைத்துக்கொள்ளவில்லை என்பது பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

பென்சில்வேனியாவின் வடக்கே பாறையை உடைத்து எரிவாயு எடுக்கிறார்கள். அதைத் தெற்கே கொண்டுபோக வில்லியம்ஸ் கம்பெனி அட்லாண்டிக் சன்ரைஸ் என்று ஒரு குழாய்த் திட்டம் போட்டது. 42 அங்குலக் குழாய். வழியில் இந்தச் சிஸ்டர்களின் காடும் வந்தது. பணம் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். இவர்கள் முடியாது என்றுவிட்டார்கள். 2017 பிப்ரவரியில் மத்திய எரிசக்தி ஆணையம் அனுமதி கொடுத்தது. அந்த அனுமதி கையில் இருந்தால், சம்மதிக்காத நிலத்திலும் கோர்ட் மூலம் உரிமை எடுத்துக்கொள்ளலாம். பத்திரம் நம் பேரில், உபயோக உரிமை அவர்களுக்கு. உங்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. 2013இல் நம் பக்கம் கெயில் எரிவாயுக் குழாயை எதிர்த்து ஏழு மாவட்டத்து விவசாயிகள் ரோட்டில் உட்கார்ந்தது இதற்குத்தானே.

அதன் பிறகு சிஸ்டர்கள் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. உள்ளூரில் குழாயை எதிர்த்துக்கொண்டிருந்த ஒரு குழுவோடு சேர்ந்து, குழாய் வரப்போகிற இடத்திலேயே, சோளக் காட்டுக்கு நடுவே, மரச்சட்டத்தில் ஒரு பந்தல் போட்டுச் சில பெஞ்சுகளைப் போட்டார்கள். இதுதான் எங்கள் கோவில் என்றார்கள். 2017 ஜூலை 9 அன்று அர்ச்சிப்பு, அதாவது ஜெபம் செய்து அதைப் புனிதப்படுத்தும் சடங்கு, நடந்தபோது சுமார் 300 பேர் வந்தார்களாம். கம்பெனி அவசரம் அவசரமாகக் கோர்ட்டுக்கு ஓடியது. சிஸ்டர்களும் ஒரு வழக்குப் போட்டார்கள்: எங்கள் நிலத்தில் இந்தக் குழாயைப் புதைப்பது எங்கள் மத சுதந்திரத்தில் கைவைப்பது, அதற்கு 1993ஆம் வருடச் சட்டம் பாதுகாப்பு தருகிறது என்று.

தோற்றுப்போனார்கள் அப்பா. எப்படித் தோற்றார்கள் என்பதைக் கேளுங்கள். மண் புனிதமா இல்லையா என்ற கேள்விக்குள்ளேயே கோர்ட் போகவில்லை. ஆணையம் விசாரித்துக்கொண்டிருந்த காலத்தில் இந்த ஆட்சேபனையை அங்கே ஏன் எழுப்பவில்லை, இங்கே வந்து ஏன் கேட்கிறீர்கள், அவ்வளவுதான். அனுமதி வந்து 30 நாளைக்குள் மறுபரிசீலனை மனு கொடுக்கவேண்டுமாம். நம் ஊரில் குழாய் நோட்டீஸுக்கு ஆட்சேபனை கொடுக்க 21 நாள். நோட்டீஸை வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டு, தேதி போன பிறகு வக்கீலைத் தேடி ஈரோட்டுக்கு ஓடியவர்கள் நம் சொந்தத்திலேயே எத்தனை பேர்! 2018 ஜூலையில் மேல்கோர்ட்டிலும் போயிற்று, அக்டோபரில் குழாயில் வாயு ஓட ஆரம்பித்தது, 2019 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது. அதோடு விடவில்லை, நஷ்டஈடு கேட்டு 2020இல் இன்னொரு வழக்கு போட்டார்கள். அதுவும் 2022இல் மேல்கோர்ட்டில் போயிற்று. இதற்கு நடுவே, வேலை தொடங்கிய 2017 அக்டோபரில், அந்தக் காட்டில் வழிமறித்து நின்ற 23 பேரைப் போலீஸ் பிடித்துப் போனது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் எண்பது தாண்டிய ஒரு சிஸ்டர் இருக்கிறார். அந்தச் சபை அல்ல, வேறு சபை. அர்ச்சிப்பு அன்று பெஞ்சில் இடம் கிடைக்காமல் வரப்பிலேயே நின்றவர். வெள்ளை அங்கி, தலையில் முக்காடு என்று நினைக்காதீர்கள். பேண்ட், ஸ்வெட்டர், காலில் ஷூ. மதியச் சாப்பாடு முடிந்ததும் தன் மேஜையில் மட்டுமல்ல, பக்கத்து மேஜைகளிலும் போய் வாழைப்பழத் தோலையும் டீத்தூள் பையையும் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் சேர்ப்பார். டீப்பையில் நூலைப் பிடித்திருக்கும் குட்டிப் பின்னை நகத்தால் நெம்பி எடுத்துத் தனியாக வைப்பார், நூலையும் அட்டையையும் கிழிப்பார், அப்புறம்தான் தூள் டப்பாவுக்குப் போகும். விரல் முட்டியெல்லாம் வாதத்தில் வீங்கிப்போன கை. நான் உதவட்டுமா என்றால் விடமாட்டார். எல்லாம் பின்கட்டில் மண்ணுக்குத்தான் போகிறது, எருக்குழி மாதிரி.

அவர்தான் இன்னொரு வேடிக்கையும் சொன்னார். இங்கே பல சபைகள் பெரிய கம்பெனிகளில் வேண்டுமென்றே பங்கு வாங்கி வைத்திருக்கின்றனவாம். லாபத்துக்கு மட்டுமல்ல, பங்குதாரர் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கும் உரிமைக்கும். நியூ ஜெர்சியைச் சேர்ந்த டொமினிக்கன் சபை சிஸ்டர் பாட்ரிசியா டேலி, எக்ஸான் மோபில் கூட்டத்துக்கு வருடக்கணக்காகப் போய், புவி வெப்பமாவதற்கு உங்கள் திட்டம் என்ன என்று முதலாளிகள் முகத்துக்கு நேரே கேட்டவர். 2022இல் காலமானார். கேட்டுக் கேட்டு அலுக்காத ஆள்கள் இவர்கள். பிரேசிலில் டோரதி ஸ்டாங் என்ற சிஸ்டர், ஒஹாயோ மாநிலத்துக்காரர், மழைக்காட்டை அழிக்கும் பண்ணைக்காரர்களுக்கு எதிராக ஏழை விவசாயிகளோடு நின்றதற்காக 2005 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு 73 வயது. நம் சிஸ்டர் அவர் படத்தைக் கட்டில் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.

எல்லோரும் இவர்களைக் கொண்டாடுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். என்னோடு வேலை செய்யும் ஒருத்தியின் மாமனார் குழாய் வெல்டர். "இந்தக் கட்டிடத்துக்கு ஹீட்டர் எதில் ஓடுகிறது என்று உன் சிஸ்டரைக் கேள்" என்றாள். கேஸில்தான் ஓடுகிறது. என் வாடகை வீட்டு அடுப்பும் கேஸ்தான், ஜனவரியில் அது இல்லாமல் ஒரு ராத்திரி தாங்காது. நான் சிஸ்டரிடம் கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "ஆமாம், அதனால்தான் நாங்கள் பேசவேண்டியிருக்கிறது" என்றார். எனக்கு அது முழுப் பதிலாகப் படவில்லை. ஆனால் கேஸ் எரிப்பவர்கள் யாருமே கேள்வி கேட்கக்கூடாது என்றால் கேட்பதற்கு ஆளே இருக்காதே, அதுவும் சரிதான்.

போன மாதம் லீவு நாளில் அந்தப் பக்கம் காரில் போனோம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. ரோட்டோரம் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கைக் கம்பம், அதற்கு அந்தப் பக்கம் சோளம். நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும், குழாய்க்கு மேலே பயிர் வைக்கலாம். மரம் வைக்கக்கூடாது, கட்டிடம் கூடாது. தென்னை வைத்திருக்கும் நம் ஆட்களுக்கும் இவர்களுக்கும் அங்கேதான் வித்தியாசம். நம் பக்கம் பத்து வருடம் வளர்த்த மரம் போய்விடும். இங்கே ஒரு போகம் போகும், ஆனால் தோண்டும்போது மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்துபோனால் வருடக்கணக்கில் தேறாது என்று விவசாயிகள் சொல்கிறார்கள். அதை நீங்களும்தான் சொல்வீர்கள்.

அப்புறம் உங்கள் கேள்வி. சிஸ்டரிடம் அதையும் அப்படியே கேட்டேன், என் அப்பா கேட்கிறார் என்று சொல்லியே. சிரித்துவிட்டு, "பிள்ளைகள் இல்லாததால் யார் பேருக்கு எழுதிவைப்பது என்ற சண்டை எங்களுக்கு இல்லை, அதனால் நிலத்தைப் பற்றி யோசிக்க நேரம் கிடைத்தது" என்றார். உங்களுக்கும் பெரியப்பாவுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கும் வரப்புத் தகராறைப் பற்றி அவரிடம் நான் மூச்சு விடவில்லை.

கீழ்பவானியில் தண்ணீர் விட்டாயிற்றா, கடைமடைக்கு வந்ததா? மோட்டார் ரிப்பேருக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன், இந்த முறை காயில் கட்டுவதற்குப் பதில் புது மோட்டாரே வாங்கிவிடுங்கள். அப்பத்தாவின் கண் ஆபரேஷனைத் தீபாவளிக்கு முன்பே முடித்துவிடுங்கள், தள்ளிப்போடவேண்டாம். பஞ்சாயத்து ஆபீஸிலிருந்தோ தாலுகாவிலிருந்தோ எந்த நோட்டீஸ் வந்தாலும் அன்றைக்கே போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள். பீரோவில் வைக்கவேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்