லெந்து (தவக்கால) கால லயத்து ஜெபங்களுக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

தோட்டத்து வரிசை வீடுகளான நம் லயங்களில் இஸ்தோப்பை, அதாவது முன் திண்ணையைக் கூட்டிப் பாய் விரித்த அக்காமாருக்கும், பின்னேர மழையில் மலையேறி வந்த உபதேசியாருக்கும், ஜெபக் குறிப்பு எழுதக் கொப்பி வாங்கித் தந்த கடைக்கார ஐயாவுக்கும், சாயத்தண்ணி ஊற்றிய தம்பிமாருக்கும் நன்றி.

அந்தக் கொப்பியைத் தொடர்ந்து எழுதுகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறோம். இடப்பக்கம் திகதியும் ஒரே ஒரு கவலையும். வலப்பக்கம் அதில் நம் கையால் ஆகக்கூடிய ஒரு வேலை. பலரும் "குடும்பத்தை ஆசீர்வதியும்" என்றுதான் தொடங்கினார்கள். அப்படி எழுதினால் பதில் வந்ததா என்று எந்த நாளும் தெரியாது. "10ஆம் திகதி சம்பளம் வரும்வரை அரிசிக்கு வழி" என்று எழுதுங்கள். பிலிப்பியர் 4:6 விண்ணப்பத்தை ஸ்தோத்திரத்தோடு சேர்த்தே சொல்கிறது. ஞாயிறு மாலை பழைய பக்கங்களை வாசித்து, கிடைத்ததற்குப் பக்கத்தில் திகதி போடுங்கள். கிடைக்காததை வெட்டிவிடாதீர்கள். சங்கீதம் 13இல் தாவீது நான்கு தடவை "எதுவரைக்கும்" என்று கேட்கிறார். ஆறாம் வசனத்துக்குள் பாடியும்விடுகிறார். முறையிடுவது அவிசுவாசம் இல்லை.

பிடியரிசியை நினைப்பூட்டிய பாட்டிமாருக்குத் தனி நன்றி. உலையில் போடுமுன் ஒரு பிடி எடுத்து வைப்பது. பறித்த கொழுந்தின் கிலோ குறைந்து அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம் போட்ட நாளில்தான் கை தயங்கும். அன்றைக்குப் பிடி சிறுத்தாலும் பரவாயில்லை, விட்டுவிட வேண்டாம். யாத்திராகமம் 16இல் வனாந்தரத்தில் கர்த்தர் இஸ்ரவேலருக்குக் கொடுத்த மன்னா என்ற உணவு ஒரு நாளுக்குத் தலைக்கு ஓர் ஓமர், ஏறத்தாழ இரண்டு லீட்டர். மறுநாளைக்கு வைத்தது புழுத்தது. ஆனால் ஆறாம் நாள் இரட்டிப்பாய்ச் சேர்த்தது கெடவில்லை, அதுவும் கர்த்தர் சொன்னதுதான். ஆகவே இதைக் காட்டிச் சேமிப்பே பாவம் என்பது சரியில்லை. சீட்டுக் காசை நிறுத்தாதீர்கள்.

மழை எச்சரிக்கையை லயம் லயமாகப் போய்ச் சொன்ன வாலிபர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். "கர்த்தர் காப்பார்" என்று வெடித்த சுவருக்குள் படுத்திருப்பது, கர்த்தரைப் பரீட்சை பார்ப்பதுதான். மத்தேயு 4:7இல் இயேசு மறுத்ததும் அதையே. 24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றர் பெய்தால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிவப்பு மண்சரிவு அறிவித்தல் வந்தால், மரம் சாய்ந்தால், ஊற்று திடீரென்று கலங்கினால், இதில் ஏதாவது ஒன்று நடந்தாலே பிள்ளைகளோடு இறங்கிவிடுங்கள். 2014 ஒக்டோபர் 29, பதுளை மாவட்டத்து மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்தது காலை நேரத்தில். ஆகவே எந்த நேரமானாலும் காத்திருக்க வேண்டாம், ஜெபத்தைப் போகிற வழியில் செய்யலாம்.

மீதிக் கொப்பிகள் ஆராதனை முடிந்தபின் கிடைக்கும். இரண்டு பாய்கள் யாருடையவை என்று தெரியவில்லை, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஜெபக்குழுவினர்