மூன்றரை பாகத்துக்குள் எங்கள் பிழைப்பு

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்கு மேலாண்மைத் திட்டம் வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

போன அமாவாசையன்று நீங்கள் நடத்திய கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றித் திட்டத்தில் என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்டேன். "எழுத்துமூலமா கொடுங்கம்மா, பரிசீலிக்கிறோம்" என்றார் மேடையில் இருந்தவர். அப்புறம் டீ வந்தது, கூட்டம் கலைந்தது. சரி, எழுத்துமூலமாகவே தருகிறேன். நாலு பேர் பார்க்கிற மாதிரி பொதுவில் தருகிறேன். உறைக்குள் போட்டுக் கொடுத்த மனுக்கள் என்ன ஆயின என்பது கரையில் எல்லோருக்கும் தெரியும்.

கோரிக்கை ஒன்றுதான். தீவுகளைச் சுற்றிக் கையால் பாசி எடுக்கும் பெண்களுக்கு, எந்த நாளில், எந்த இடத்தில், எந்தப் பாசியை எடுக்கலாம் என்று திட்டத்தில் எழுதி, அதற்கு ஓர் அனுமதிச் சீட்டு கொடுங்கள்.

கூட்டம் நடந்த நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டிய நாட்களில்தான் தண்ணீர் நன்றாக வற்றும், பாசி கைக்கு எட்டும். அன்றைக்குக் கூட்டம் வைத்தால் பாசிக்காரப் பெண் ஒருத்தியும் வர முடியாது. வரக் கூடாது என்று நினைத்து வைத்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. நாள்காட்டியை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் கடலுக்குத் திட்டம் போடுகிறவர்கள் அமாவாசை எப்போது என்று பார்க்காமல் இருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

திரையில் வரைபடம் காட்டினீர்கள். பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவு, அவற்றைச் சுற்றிச் சிவப்பு வண்ணம். விளக்கம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்ததால் பக்கத்திலிருந்த அண்ணன், "அந்தச் சிவப்பு என்னம்மா?" என்று என்னைக் கேட்டார். பூங்காவின் எல்லை, கரைப்பக்கம் மூன்றரை பாகம் (பாகம் என்றால் ஏறக்குறைய ஆறடி) ஆழம் வரை, வெளிக்கடல் பக்கம் ஐந்து பாகம் ஆழம் வரை என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப பாசி பூரா அவுங்களுக்கா?" என்றார்.

விஷயம் அதுதான் ஐயா. மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற பாசிகள் வெயில் இறங்குகிற ஆழமில்லாத பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில்தான் வளரும். பெண்கள் மூச்சடக்கி எட்டுகிற ஆழம் எதுவோ, அது முழுக்க உங்கள் சிவப்புக்குள் இருக்கிறது. விசைப்படகுக்காரர் எல்லைக்கு வெளியே போய்ப் பிழைக்கலாம். எங்கள் அம்மா எங்கே போவார்? 1986இல் பூங்கா அறிவித்தபோது அவர் ஏற்கெனவே பாசிக்குப் போய்க்கொண்டிருந்தார், அவருடைய அம்மாவோடு.

அவர்கள் எப்படிப் போகிறார்கள் என்பதை உங்களில் எத்தனை பேர் கூடவே போய்ப் பார்த்திருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. விடியும் முன்னே பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு வள்ளத்தில் ஏறுவார்கள். டீசல் காசு தலைக்கு இவ்வளவு என்று பங்கு. சேலைக்கு மேலே ஓர் ஆண் சட்டை, முகத்தில் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. விரல் ஒவ்வொன்றிலும் துணிக் கிழிசலைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். பாரின் விளிம்பு கத்தி. கட்டுப் போட்டும் கிழிக்கும். எங்கள் மதினி கையில் நகம் என்று சொல்ல இரண்டு மூன்றுதான் மிச்சம். ஆறேழு மணி நேரம் உப்புத் தண்ணீரில் முங்கி முங்கி எழுந்த பிறகு, கரையில் கொட்டிக் காயவைத்து, ஏஜென்ட் வந்து எடை போட்டு, கழிவு என்று கழித்துக்கொண்டு கொடுப்பதுதான் கூலி.

இதையெல்லாம் கஷ்டம் என்று அவர்கள் சொல்வதில்லை. கஷ்டம் என்று சொல்வது ஒன்றைத்தான்: பூங்காவுக்குள் பாசி எடுக்கக் கூடாது என்று வரும் வனத்துறை ரோந்துப் படகின் சத்தம். அது காதில் விழுந்தால் வலைப்பையை அவிழ்த்துக் கடலில் விட்டுவிட வேண்டும். காலையிலிருந்து எடுத்தது அதோடு போயிற்று. மாட்டினால் கண்ணாடியும் பையும் போகும், வழக்கு என்ற பேச்சும் வரும். அதனால் இப்போது வேலை நிதானமாக நடப்பதில்லை. எங்கள் அம்மா சொல்கிற கணக்கு இது: ஆற அமர எடுத்தால் தளிரை மட்டும் கிள்ளலாம், அடி பாரிலேயே இருக்கும், மறுபடி தழைக்கும். பயந்து பயந்து எடுத்தால் கொத்தாக இழுக்கத்தான் தோன்றும், அடியோடு வந்துவிடும். கிடைத்த வரை பையில் போடு, படகு வருவதற்குள் ஏறு என்றாகிவிடுகிறது.

அதாவது பாசியைக் காப்பாற்றத்தான் இந்த ரோந்து என்றால், பாசி அடியோடு போவதற்கும் அதுவே ஒரு காரணம். அனுமதிச் சீட்டு இருந்தால் இந்த ஓட்டம் நிற்கும். இது உங்களுக்கும் வேண்டியதுதானே?

அவர்கள் கட்டுப்பாடு தெரியாதவர்களும் இல்லை. மாதத்தில் 12 நாள்தான் இறங்குவது, ஏப்ரலில் தொடங்கி 45 நாள் இறங்குவதே இல்லை, இரும்புச் சுரண்டியைத் தொடுவதில்லை என்று இந்தக் கரையின் பெண்கள் தாங்களே பேசி முடிவெடுத்தார்கள். இதை முன்னின்று நடத்திய சின்னப்பாலத்துப் பெண் ஒருவருக்கு 2015இல் சீகாலஜி என்ற பன்னாட்டு அமைப்பு விருது கொடுத்தது. வெளிநாட்டுக்காரர் விருது கொடுக்கிற வேலைக்கு நம் ஊரில் வழக்கு.

பாரில் கால் வைத்தால் பவளத்துக்குச் சேதம் வரும் என்று கூட்டத்தில் சொன்னீர்கள். வரும், மறுக்கவில்லை. 2010லும் 2016லும் கடல் சூடாகிப் பவளம் வெளுத்ததை முதலில் பார்த்தவர்கள் இவர்கள்தான். விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகளும் தண்ணீருக்குள் போய்விட்டன, வான் தீவு கரைகிறது என்பதும் தெரியும். பாதுகாப்பு வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை. எந்தப் பாரில் உயிர்ப்பவளம், எதில் செத்த கல் மட்டும் என்று பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடியவர்கள் அவர்கள். உயிர்ப்பார் இருக்கும் இடத்தை மூடுங்கள், சுழற்சி முறையில் மூடித் திறங்கள், ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அவர்களைக் கேட்டு மூடுங்கள்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்களுக்குத் தெரியாதது இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991இல் சேர்த்த 26ஏ பிரிவு, கரைக்கடலை எல்லைக்குள் கொண்டுவரும்போது உள்ளூர் மீனவரின் தொழில் நலனைக் காக்கப் போதிய நடவடிக்கை எடுத்த பிறகே எல்லை வகுக்கச் சொல்கிறது. தேசியப் பூங்காவுக்கும் அந்தப் பிரிவு பொருந்தும் என்று 35ஆம் பிரிவில் இருக்கிறது. பூங்கா அதற்கு முன்பே வந்தது என்று பதில் சொல்வீர்கள். இப்போது புதிதாகத் திட்டம் எழுதுகிறீர்களே, இப்போதாவது அந்த வரியைப் படிக்கலாமே. 2006இன் வன உரிமைச் சட்டம் மீனையும் நீர்நிலைகளின் மற்ற விளைபொருளையும் சமூக உரிமை என்கிறது. அது காட்டுக்குத்தான், கடலுக்கு இல்லை என்று பக்கத்து வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். வனத்துக்கு எழுதிய சட்டத்தை வைத்துக் கடலில் பூங்கா போட முடியும், உரிமை என்று வரும்போது மட்டும் அது காட்டோடு நின்றுவிடும் போல.

சொல்ல வந்ததை விட்டு வேறெங்கோ போகிறேன் என்று தெரிகிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். குந்துகாலில் டிக்கெட் எடுத்தால் குருசடை தீவுக்குப் படகில் போய்ச் சுற்றிப் பார்க்கலாம். அதே தீவின் பவளத்தின் மேல் ஒரு வெளிநாட்டுப் பாசி படர்ந்திருப்பதாக 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். வளர்ப்புக்கென்று கொண்டுவந்த பாசி அது. அதைக் கொண்டுவந்தவர்களைத் தேடி ரோந்துப் படகு போனதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. 2005இல் சேதுசமுத்திரத் திட்டம் என்று இந்தக் கடலையே தோண்டிக் கப்பல் விடக் கிளம்பியபோது பவளத்தின் ஞாபகம் அவ்வளவாக வரவில்லை. இப்போது நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் வளமாவூரில் 100 கோடிக்கு மேல் செலவில் பாசி வளர்ப்புக்கென்று ஒரு பாசிப் பூங்கா வருகிறது, மகிழ்ச்சி. எங்கள் பெண்கள் எடுக்கும் பாசிகூட, உணவைக் கெட்டியாக்கும் அகர் தயாரிக்கிற ஆலையின் வாசலைத் தாண்டியதும் நல்ல சரக்காகிவிடுகிறது. தப்பு என்னவோ அதைத் தண்ணீரிலிருந்து எடுக்கிற கையில்தான் இருக்கிறதாம்.

மன்னிக்க வேண்டும், கோபத்தில் எழுதிவிட்டேன். உங்களில் நல்லவர்களும் இந்தக் கடலை நேசிப்பவர்களும் இருக்கிறீர்கள் என்று தெரியும். அந்த நம்பிக்கையில்தான் மறுபடி கேட்கிறேன். பாசி எடுக்கும் பெண்களின் உரிமையை எழுத்தில் தாருங்கள். நாள், இடம், பாசி மூன்றையும் அவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்து, சீட்டில் அச்சடித்துக் கொடுங்கள். சீட்டை மீறுபவர் மேல் நடவடிக்கை எடுங்கள், நாங்களே துணை நிற்கிறோம். திட்டக் குழுவில் அவர்கள் தேர்ந்தெடுக்கும் இரண்டு பேருக்காவது இடம் கொடுங்கள்.

அடுத்த கூட்டத்தைத் தயவுசெய்து ஊருக்குள் வையுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள் வேண்டாம். மற்ற நாட்களில் மாலை நாலு மணிக்கு மேல் எல்லோரும் கரையில்தான் இருப்பார்கள். வரைவுத் திட்டத்தைத் தமிழில் ஒரு வாரம் முன்னால் அனுப்பினால், நான் உட்கார்ந்து வாசித்துக் காட்டிவிடுகிறேன். டீ நாங்களே போடுகிறோம்.

இப்படிக்கு,
ஏர்வாடிப் பக்கத்துப் பாசிக்காரியின் மகள்