நாட்டுப்படகுகளுக்கு உரிமைச் சான்று வழங்கவும் பெயர் மாற்றத்தை எளிதாக்கவும் கோரும் மனு

அனுப்புநர்:
ஃபைபர் படகு உரிமையாளர்கள்,
ஆறுகாட்டுத்துறை, புஷ்பவனம், வெள்ளப்பள்ளம், கோடியக்கரை மீனவ கிராமங்கள்,
வேதாரண்யம் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை,
சென்னை.

பொருள்: மீன்பிடிப் படகுகள் – பதிவு – விற்பனை, வாரிசுரிமை, கூட்டு உரிமை ஆகியவற்றில் பெயர் மாற்றம் – தனி உரிமைச் சான்று வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நாங்கள் நாட்டுப்படகு வகையில் வருகிற, இயந்திரம் பொருத்திய ஃபைபர் படகுகளில் தொழில் செய்பவர்கள். எங்கள் படகுகளுக்கு எண் இருக்கிறது. ஐஎன்டி-டிஎன்-06 என்று தொடங்கும் பதிவு எண்ணை ஒவ்வொரு படகின் பக்கவாட்டிலும் தூரத்திலிருந்து தெரிகிற அளவில் எழுதியிருக்கிறோம். ஆனால் அந்தப் படகு யாருடையது என்று கேட்டால், ஊரில் ஒரு பதிலும் தாளில் வேறொரு பதிலும் வருகிறது. இந்த மனு அதைப் பற்றித்தான்.

ஒரு ஃபைபர் படகு எப்படிக் கைமாறுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். படகு, இன்ஜின், வலை எல்லாம் சேர்த்து லட்சக்கணக்கில் விலை பேசி முடிப்பார்கள். முத்திரைத்தாள் வாங்கி, "இன்று முதல் மேற்படி படகுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரையும் குத்திக் கொடுப்பார்கள். பழைய பதிவுச் சான்றையும் வரிவிலக்கு டீசல் வாங்குகிற புத்தகத்தையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு விற்றவர் கொடுத்துவிடுவார். அத்தோடு சரி. சான்றில் விற்றவர் பெயர் அப்படியே இருக்கும். வாங்கியவர் இரண்டு வருடம் ஓட்டிவிட்டு அடுத்தவருக்கு விற்பார், இன்னொரு முத்திரைத்தாள் சேரும். மூன்றாவது ஆள் பெயர் மாற்றம் கேட்டு வரும்போது, சான்றில் உள்ள முதல் ஆளின் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். அவர் வளைகுடா நாட்டில் இருப்பார், அல்லது இறந்திருப்பார், அல்லது "அப்பவே எழுதிக் கொடுத்தாச்சே, இப்ப எதுக்கு மறுபடியும்?" என்று சலித்துக்கொள்வார். அலுவலர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. சான்றில் இருக்கிற பெயரைப் பார்த்துத்தான் அவர்களால் வேலை செய்ய முடியும்.

ஆண்டுதோறும் துறை நடத்துகிற நாட்டுப்படகு ஆய்வு நாளில் கடற்கரைக்கு வந்து பார்த்தால் விஷயம் புரியும். அன்றைக்கு யாரும் கடலுக்குப் போகாமல் படகுகளை வரிசையாக நிறுத்தி வைத்திருப்போம். அலுவலர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணைச் சரிபார்ப்பார், இன்ஜின் எண்ணைப் பார்ப்பார், பிறகு உரிமையாளரைக் கூப்பிடுவார். அப்போது முன்னால் வந்து நிற்கிறவர்களில் சிலர், படகை விற்று வருடக்கணக்கானவர்கள். பக்கத்து ஊரிலிருந்து பஸ்ஸுக்குக் காசும் சாப்பாடும் கொடுத்துக் கூட்டிவரப்பட்டவர்கள். உண்மையான சொந்தக்காரர் ஓரமாக நின்று, அந்த ஆள் ஒழுங்காகப் பதில் சொல்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஆய்வில் படகு விடுபட்டால் வரிவிலக்கு டீசல் நின்றுபோகும். நாட்டுப்படகுக்கு ஆண்டுக்கு 4,400 லிட்டர் என்று 2023-ல் அரசு உயர்த்திக் கொடுத்த அந்த டீசல் இல்லாமல் எங்களால் தொழில் செய்ய முடியாது. அதனால் இந்தக் கூத்து வருடா வருடம் நடக்கிறது.

இதில் வாங்கியவருக்கு மட்டும்தான் கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். விற்றவரின் தலைக்கு மேலும் கத்தி தொங்குகிறது. எங்கள் கடற்கரையில் கடல் அட்டை, கஞ்சா கடத்தல் என்று அவ்வப்போது வழக்குப் பதிவாவது தாங்கள் அறியாததல்ல. படகு பிடிபட்டால் போலீஸ் முதலில் தேடிப்போவது சான்றில் பெயர் உள்ளவரைத்தான். என்றைக்கோ விற்ற படகுக்காகக் கையில் முத்திரைத்தாளுடன் ஸ்டேஷன் ஏறி இறங்கியவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள்.

இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால் நிலைமை இன்னும் மோசம். மீனவர்களை விடுவித்தாலும் அங்குள்ள நீதிமன்றம் படகை விடுவதில்லை. உரிமையாளர் ஆவணங்களோடு நேரில் வந்து உரிமை கோர வேண்டும் என்று உத்தரவிட்டு, வராவிட்டால் அரசுடைமையாக்கிவிடுகிறது. எங்கள் கையில் உள்ள முத்திரைத்தாளை வைத்துக்கொண்டு அங்கே போய் என்ன சொல்வது? பெயர் உள்ளவரோ, தனக்குச் சம்பந்தமில்லாத படகுக்காகப் பாஸ்போர்ட் எடுத்துக் கடல் தாண்டிப் போக எதற்குச் சம்மதிக்க வேண்டும்? அப்புறம் இங்கே அரசு கொடுக்கும் நிவாரணம் கேட்கும்போதும் அதே பெயர்ச் சிக்கல் குறுக்கே வந்து நிற்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் கரையை அடித்து நொறுக்கியபோதும் இதைத்தான் அனுபவித்தோம். பட்டியலில் பெயர் இருந்தவர் நல்லவராக இருந்தால் பணத்தை வாங்கிச் சொந்தக்காரரிடம் கொடுத்தார். எல்லோரும் அப்படி இல்லை.

ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியை விற்பவருக்கு இருக்கிற பாதுகாப்பு எங்களுக்கு இல்லை, ஐயா. மோட்டார் வாகனச் சட்டப்படி, மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். அதற்குப் படிவம் 29, படிவம் 30 என்று ஊரறிந்த தாள்கள் உண்டு. சொந்தக்காரர் இறந்துபோனால், வாரிசு 30 நாளுக்குள் தகவல் சொல்லிவிட்டு மூன்று மாதம் வரை வண்டியை ஓட்டலாம், அதற்குள் படிவம் 31 கொடுத்துத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். வங்கிக் கடன் இருந்தால் ஆர்.சி. புத்தகத்திலேயே எழுதியிருக்கும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் படகுக்குப் பதிவு வேறு, உரிமைப் பத்திரம் வேறு. அங்கே 1972-க்குப் பிறகு கட்டப்பட்ட படகுகளின் பின்பக்கத்தில் 12 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாள எண்ணை அழியாதபடி பதிக்கிறார்கள். அவர்கள் அதிகமும் உல்லாசத்துக்குப் படகு வைத்திருக்கிறார்கள். நாங்கள் வயிற்றுப்பாட்டுக்கு வைத்திருக்கிறோம்.

பதிவு விதிகள் கடுமையான காரணமும் எங்களுக்குத் தெரியும். 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் 'குபேர்' என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடத்தித்தான் வந்தார்கள். அதற்குப் பிறகுதான் நாடு முழுவதும் ஒரே மாதிரி எண், ரியல்கிராஃப்ட் என்ற இணையதளத்தில் பதிவு, மீனவர் அடையாள அட்டை எல்லாம் வந்தன. அவற்றை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் படகில் போகிறவர் யார் என்று தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவும் என்றால், சொந்தக்காரர் ஒருவரும் பதிவேட்டில் இன்னொருவருமாக இருக்கிற பட்டியலால் பாதுகாப்புக்கு என்ன பயன்?

அடுத்தது கூட்டுப் படகு. 2004 சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் பல இடங்களில் நாலைந்து பேருக்கு ஒரு படகு என்று கொடுத்தன. பதிவு ஒருவர் பெயரில் நடந்தது. இருபது ஆண்டு கழிந்துவிட்டது. ஒருவர் பங்கை விட்டுவிட்டுப் போனார், ஒருவர் காலமானார், அந்தப் படகே உடைந்து வேறு படகு வந்துவிட்டது. எண் மட்டும் அப்படியே இருக்கிறது. இன்றைக்கும் மாமன் மச்சான் சேர்ந்து பணம் போட்டுத்தான் பலர் படகு வாங்குகிறார்கள். பாதிப் பணத்துக்கு மனைவியின் நகை அடகுக்குப் போயிருக்கும். சான்றில் அந்தப் பெண்ணுக்கு இடமில்லை. இரண்டு மூன்று பேரின் பெயரையும் பங்கையும் எழுதுகிற மாதிரி சான்று இருந்தால் ஊர்ப் பஞ்சாயத்தில் பாதி வழக்கு குறையும்.

கடலில் காணாமல்போனவரின் குடும்பத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உடல் கிடைத்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று என்று எப்படியோ வாங்கிவிடலாம். உடல் கிடைக்காவிட்டால், ஏழு ஆண்டு தகவல் இல்லாதிருந்தால்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது பொதுச் சட்டம். ஏழு ஆண்டில் ஃபைபர் படகு வெயிலில் காய்ந்து வெடித்து, எதற்கும் ஆகாமல் போய்விடும். மகன் தொழிலுக்குப் போக வேண்டும், டீசல் வாங்க வேண்டும், படகோ திரும்பி வராத அப்பா பெயரில் இருக்கும். அந்தத் தாய் ஒரே நேரத்தில் கணவன் வருவார் என்று காத்திருக்கவும் வேண்டும், அவர் இறந்துவிட்டார் என்று தாள் தேடவும் வேண்டும். 2017 ஒக்கி புயலின்போது காணாமல்போன மீனவர் குடும்பங்களை ஏழு ஆண்டு காக்க வைக்காமல் அரசு உதவி வழங்கியது. அந்த மனசு ஒரு படகு, ஒரு ஆள் காணாமல்போகும்போதும் வேண்டும் என்று கேட்கிறோம்.

காரைக்கால் எங்களுக்கு அண்டை ஊர்தான், கொண்டான் கொடுத்தான் உறவும் உண்டு. ஆனால் அது புதுச்சேரி அரசின் கீழ் வருகிறது. அக்டோபர் முதல் மார்ச் வரை கோடியக்கரை சீசனுக்குக் காரைக்கால் படகுகளும் இங்கே வந்து தங்கும். சீசன் முடிகிற நேரம் இங்கேயே விலை பேசிப் படகு கைமாறுவது சகஜம். அந்தப் படகைத் தமிழ்நாட்டுப் பதிவுக்குக் கொண்டுவருவதற்குள் அடுத்த சீசனே வந்துவிடுகிறது. தடையின்மைச் சான்றை இரு துறைகளும் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ள முடியாதா?

ஆகவே நாங்கள் வேண்டுவது இதுதான். மீன்பிடி உரிமத்திலிருந்து பிரித்து, படகுக்கென்று தனியாக ஓர் உரிமைச் சான்று வழங்க வேண்டும். அதில் படகு கட்டிய தளம், நீளம், இன்ஜின் எண், கூட்டு உரிமையாளர்களின் பெயரும் பங்கும், கடன் இருந்தால் அந்த விவரமும், யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பதும் இருக்க வேண்டும். விற்பனைக்கு விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்து கொடுக்கிற தமிழ்ப் படிவம் ஒன்று போதும். மனுக் கொடுத்த அன்றே ஒப்புகைச் சீட்டு தந்து, 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், அதுவரை அந்தச் சீட்டை வைத்து டீசல் வாங்க அனுமதிக்க வேண்டும். இறந்தவர் படகுக்கும் இதே மாதிரி மூன்று மாத இடைக்கால அனுமதி தரலாம். காணாமல்போனவர் படகை, காவல் நிலையப் புகாரின் நகலும் கிராம நிர்வாக அலுவலர் அறிக்கையும் வைத்து மனைவி பெயரில் தற்காலிகமாக மாற்றலாம். அவர் திரும்பி வந்தால், அதைவிடச் சந்தோஷம் வேறில்லை, பழையபடி மாற்றிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே முத்திரைத்தாளில் கைமாறிய படகுகளுக்கு ஒருமுறை வரன்முறை முகாம் தேவை. முதல் உரிமையாளர் கிடைக்காத இடத்தில், ஊர்ப் பஞ்சாயத்தாரின் உறுதிமொழியை வாங்கிக்கொண்டு, படகின் எண்ணையும் கேட்பவரின் பெயரையும் ஏலக்கூடத்தில் 15 நாள் ஒட்டி வையுங்கள். ஆட்சேபம் வந்தால் விசாரியுங்கள், வராவிட்டால் பெயரை மாற்றுங்கள். எங்கள் கரையில் எந்தப் படகு யாருடையது என்பது ஏலக்கூடத்தில் மீன் அள்ளுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும், பொய் சொல்லித் தப்பிக்க முடியாது. அப்படியே, இனிமேல் கட்டுகிற ஃபைபர் படகுகளில் தளத்திலேயே ஒரு எண்ணை உடம்போடு சேர்த்து வார்த்துவிடச் சொல்லலாம். பெயின்ட்டில் எழுதிய எண்ணைச் சுரண்டிவிட்டு வேறு படகில் எழுதிக்கொள்ளலாம், வார்த்த எண்ணை அப்படி எடுக்க முடியாது.

எங்களிலேயே சிலருக்கு இந்தக் கோரிக்கையில் தயக்கம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறோம். தாள் சரியாக இருந்தால் வங்கிக்காரர் படகை ஜப்தி செய்வாரே, வியாபாரி முன்பணத்துக்குப் படகை எழுதிக் கேட்பாரே என்று பயப்படுகிறார்கள். பயம் நியாயம்தான். ஆனால் தாள் இல்லாததால் வங்கி எங்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை, வியாபாரியிடம்தான் போய் நிற்கிறோம், அவர் சொன்ன விலைக்குத்தான் மீனைப் போடுகிறோம். அதைவிட இது மேல் என்று கூடிப் பேசி முடிவெடுத்துத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

மீன்பிடிப் படகுப் பதிவுக்கு அடிப்படையான வணிகக் கப்பல் சட்டமே 2025-ல் புதிதாக வந்துவிட்டது. விதிகளைத் திருத்த இது ஏற்ற நேரம். எதிர்வரும் அக்டோபரில் சீசன் தொடங்குவதற்கு முன் முதல் முகாமை வேதாரண்யம் வட்டத்தில், ஆய்வு நாளோடு சேர்த்து நடத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். அன்றைக்குப் படகு, இன்ஜின், ஆள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும், அலுவலர்களுக்கும் அலைச்சல் இல்லை.

நன்றி.

இப்படிக்கு,
ஃபைபர் படகு உரிமையாளர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

இடம்: வேதாரண்யம்

இணைப்பு: பதிவுச் சான்று மற்றும் முத்திரைத்தாள் ஒப்பந்த நகல்கள், ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்மான நகல்கள்.